பத்தாவது படியின் பேய்நகம்

ஃபெர்னிகோம்ப், வில்ட்ஷயர்
1811, மார்ச் 9

என் அருமை டாமரிஸ்,

உயிரோடு இருக்கிறேன், கை கால் முழுசாக இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். இதை முதல் வரியிலேயே எழுதாவிட்டால் நீ கடைசி வரி வரை பதறிக்கொண்டே படிப்பாய். உன் தம்பி சைலஸும் சுகம். இங்கே ரொட்டி நன்றாக இருக்கிறது, பாலாடைக்கட்டிதான் செருப்புத்தோல்.

கரி தேடித் தோண்டும் குழி நாற்பது அடி இறங்கிவிட்டது. எட்டுப் பேரும் நம்மூர் ஆட்கள் என்பதால் வேலை மளமளவென்று நடக்கிறது. மேலே ஒரு முழம் மண், அதற்குக் கீழே ஒரே கருநீலக் களி. போன செவ்வாய்க்கிழமை அந்தக் களியில் என்ன கிடைத்தது தெரியுமா? பேய்நகம்! நம்மூர்க் குழிகளில் கூடை கூடையாய் அள்ளிப் போடுவோமே, அந்த வளைந்த கல்சிப்பி. சைலஸ் வாளியில் மேலே வரும்போதே, "அத்தான், நம்மூரு பேய் இங்கயும் நகம் வெட்டிப் போட்டிருக்கு!" என்று கத்தினான். எனக்கு அங்கேயே நின்று பாட்டுப் பாடலாம் போல இருந்தது. நகம் கிடக்கும் நீலக்களி, அதன் கீழே செம்மண், செம்மண்ணின் கீழே நிலக்கரி. இருபது வருடமாக இந்த வரிசையில்தானே நான் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

அதோடு போகவில்லை. களிக்குள் கரித்துண்டுகளும் கிடைத்தன. எஜமானர் ஹாலம் வீட்டுக் கணப்பில் போட்டோம், நின்று எரிந்தது. அவர் மனைவிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தேவாலய மணியை அடித்தார்கள், ஆப்பிள் மது பீப்பாயைத் திறந்தார்கள், ஊரே வந்து குடித்தது. எஜமானர் என் தோளில் கையைப் போட்டு, "போப்ஜாய், எப்ப கரியைத் தொடுவே?" என்றார். "பெந்தெகொஸ்தே திருநாளுக்குள்ள செம்மண்ணைக் காட்டறேன் ஐயா. செம்மண் வந்தா கரி வந்த மாதிரிதான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

சந்தைக்குப் போகும்போது இதை ரூபன் சிவர்ஸ் காதில் விழுகிற மாதிரி சொல். ஒரே கயிற்றில் பதினோரு வருடம் அவனும் நானும் இறங்கினோம். தலைமை வேலை அவனுக்குப் போனது. இது என் பெயரில் இறங்கும் முதல் குழி, டாமரிஸ். எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. இன்னொன்று கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

உன் கல் பைத்தியத்துக்காக நகத்தில் இரண்டும் கரியில் கொஞ்சமும் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பத்திரமாக வாங்கிக்கொள்.

உன் நினைவாகவே இருக்கும்
ஓபெட்


டிம்ஸ்பரி, சாமர்செட்
மார்ச் 17

அன்புள்ள ஓபெட்,

கடிதமும் பொட்டலமும் வந்தன. முதல் வரியை அப்படி எழுதியதற்கு நன்றி. மீதியைப் படித்துவிட்டுப் பதறினேன்.

முதலில் வீட்டுச் செய்தி. பன்றி கொழுத்திருக்கிறது. கூரையில் நீங்கள் அடைத்த இடம் ஒழுகவில்லை, அடைக்காமல் விட்ட இடம் ஒழுகுகிறது. உங்கள் கரிய மேலங்கியை அந்துப்பூச்சி எட்டிப் பார்த்ததால் வெயிலில் போட்டேன். சிவர்ஸிடம் நான் எதுவும் சொல்லவில்லை, நல்லவேளை.

நீங்கள் அனுப்பிய நகம் நம்மூர் நகம் இல்லை.

கோபப்படாமல் கேளுங்கள். நம்மூர் நகம் ஒடுக்கமாக, உள்நோக்கிச் சுருண்டு, மூக்கு தன் வயிற்றைத் தொடும். விளிம்பில் ஒரு பள்ளம் ஓடும். நீங்கள் அனுப்பியது அகலம். உள்ளங்கை நிறைகிறது, சட்டி மாதிரி கிடக்கிறது, சுருளே இல்லை. இரண்டும் ஒரே சாதிதான், ஆனால் ஒன்று இருக்கிற பாறையில் மற்றது இருப்பதில்லை. இரண்டையும் ஒரே பாறையில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நீங்கள் கால்வாய் வெட்டப் போன ஒன்பது வருடமும் கூடாரம் கூடாரமாக உங்கள் பின்னால் துணி துவைத்துக்கொண்டு வந்தவள் நான். கிழக்கே நகர நகர, வெட்டிப் போட்ட கல்லில் பழைய சிப்பிகள் மறைந்து புதிய சிப்பிகள் வந்ததைப் பார்த்தேன். பாறைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து கிடக்கின்றன. நம்மூரில் மேலே தெரிவது அங்கே ஆழத்துக்குப் போய்விடுகிறது, அதன்மேல் வேறொன்று ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதைத்தான் வீட்டு மாடிப்படியில் அடுக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டு திட்டுவீர்களே, அந்தப் படிகள்தான். கீழ்ப்படியில் நிலக்கரிக்கு மேல் கிடைக்கும் பெரணி இலைக் கல். இரண்டாம் படியில் செம்மண், அதில் உயிர் எதுவும் இல்லை. மூன்றாம் படியில் நம்மூர்ச் சுருள் நகம். அப்படியே ஒவ்வொன்றாக மேலே ஏறினால், உங்கள் அகல நகம் பத்தாவது படியில் இருக்கிறது. கால்வாயின் கிழக்குக் கோடியில் நான் பொறுக்கியது. உங்கள் பொட்டலத்தைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்தேன். இரட்டைப் பிள்ளைகள்.

மூன்றாம் படியில் நிற்பதாக நினைத்துக்கொண்டு நீங்கள் பத்தாம் படியில் நிற்கிறீர்கள், ஓபெட். கரி முதல் படியில். அங்கே அது இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது. இருந்தாலும் ஆயிரம் அடிக்கு மேல் இறங்க வேண்டும்.

அந்தக் கரித்துண்டை உடைத்துப் பார்த்தேன். நம்மூர்க் கரி கட்டம் கட்டமாக உடையும். இது நாராக உரிகிறது, வருட வளையம்கூடத் தெரிகிறது. கடலில் விழுந்து மூழ்கிய மரம் அது. ஒரு மரம் எரிந்ததற்கா மணி அடித்தார்கள்?

எஜமானரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். சைலஸுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் மேல் அக்கறை உள்ள
டாமரிஸ்


ஃபெர்னிகோம்ப்
மார்ச் 28

டாமரிஸ்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை இராச் சாப்பாட்டில் ஆட்களுக்கும் படித்துக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "மேஸ்திரி, வீட்டுக்காரம்மா மாடிப்படியிலேயே குழி தோண்டிருவாங்க போல" என்றான் ஒருவன். சைலஸ் மட்டும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உம்மென்று இருந்தான்.

நகம் நகம்தான். மனிதர்களில் குட்டையும் நெட்டையும் இல்லையா? உன் அத்தை என்ன அகலம், நீ என்ன ஒடுக்கம்! இரண்டு பேரும் ஒரே தெருவில்தானே இருக்கிறீர்கள்.

இங்கே என் நிலைமை உனக்குப் புரியவில்லை. நான் எஜமானரிடம் போய், "ஐயா, நான் கொடுத்த வாக்கு தப்பு, ஏனென்றால் என் மனைவியிடம் ஒரு மாடிப்படி இருக்கிறது" என்று சொல்ல வேண்டுமா? அடுத்த நாளே சாமர்செட் முழுக்கத் தெரிந்துவிடும். சிவர்ஸ் சாகும்வரை சொல்லிச் சிரிப்பான். எனக்கு அப்புறம் யார் குழி கொடுப்பார்கள்?

எழுபது அடி ஆகிவிட்டது. களி நல்ல களி, சுவர் சரியவில்லை, தண்ணீரும் இல்லை. உனக்குப் பொழுது போகவில்லை என்றால் அந்த அந்துப்பூச்சியைக் கவனி. குழியை நான் கவனித்துக்கொள்கிறேன்.

ஓபெட்


டிம்ஸ்பரி
ஏப்ரல் 7

அன்புள்ள ஓபெட்,

என் அத்தையின் அகலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் ஊருக்குத் திரும்ப முடியாது.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் பன்றியைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, கால்வாய்ப் படகில் பாதி தூரமும் நடந்து பாதி தூரமுமாகக் கிழக்குக் கோடிக்குப் போய் வந்தேன். கடைசிப் பதினொரு மைல் நடை. காலில் கொப்புளம். ஏன் போனேன் என்றால், பத்தாம் படிக்கும் ஒன்பதாம் படிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை எனக்கு நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் அடுத்து அங்கேதான் இறங்கப் போகிறீர்கள்.

கால்வாய்க் கரைச் சரிவில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து களியைக் கிண்டினேன். கரைமேல் சத்திரம் வைத்திருக்கும் அம்மாள், புருஷனை இழந்தவர், "என்னம்மா தேடறே, கல்யாண மோதிரத்தைத் தொலைச்சவ மாதிரி?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "இந்தக் களிக்குக் கீழ ஒரு மணல்கல்லு இருக்கு பாரு, அதைத் தொட்டாத் தண்ணி ஆளை விடாது. எங்க மாமனார் கிணறு வெட்டினப்ப கல்லை உடைச்சாங்க. ஏணியைப் பிடிக்கக்கூட நேரம் கொடுக்கல. கிணத்து வாய்க்கு மேல பொங்கிருச்சு. மூணு பேரு உள்ள" என்றார்.

ஓபெட், களி தண்ணீரை விடாது. அதனால்தான் உங்கள் குழி காய்ந்திருக்கிறது. ஆனால் மழை எல்லாம் மேற்கே அந்த மணல்கல் வெளியே தெரிகிற இடத்தில் உள்ளே போய், உங்கள் காலடியில் அடைபட்டுக் கிடக்கிறது. நீங்கள் அதன் மூடிமேல் நிற்கிறீர்கள்.

இனி என்ன வரும் என்று வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் என்னை நம்ப வேண்டாம். குழியை நம்புங்கள். அகல நகங்கள் குறையும். அப்புறம் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னப் பாம்புக்கல், பாம்பு சுருண்டு படுத்தது போன்ற கல்சிப்பி, வரும், நசுங்கி, பித்தளைப் பொத்தான் மாதிரி மின்னும். அதன்பின் களியில் கொஞ்சம் கொஞ்சமாக மணல் சேரும். கண்ணுக்குத் தெரியாது, நீங்கள் எல்லோரும் செய்கிற மாதிரி பல்லில் வைத்துக் கடித்தால் நறநறக்கும். அதற்கும் கீழே ஒரு கல் வரும். அந்தக் கல்லின் முதுகில் சின்ன, குண்டு நகங்கள், நடுவில் பள்ளம் விழுந்து இரண்டாகப் பிரிந்தது போல இருக்கும். அந்தக் கல்லை உடைக்காதீர்கள். அதுதான் மூடி.

செம்மண் வந்தால் நான் தோற்றேன். மாடிப்படியைக் காலி செய்து எல்லாக் கல்லையும் பன்றிக் கொட்டிலில் கொட்டிவிடுகிறேன், வாயே திறக்க மாட்டேன். ஆனால் நான் எழுதிய வரிசையில் வந்தால் நீங்கள் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

குழிக்குள் என் தம்பி இருக்கிறான். நீங்களும் இருக்கிறீர்கள். எனக்கு வேறு யாரும் இல்லை.

டாமரிஸ்


ஃபெர்னிகோம்ப்
ஏப்ரல் 24

அன்புள்ள டாமரிஸ்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். எல்லோரும் சுகம். நூற்றுப் பத்து அடி. சொல்லும்படியான கல் எதுவும் கிடைக்கவில்லை. மழை பெய்கிறது. எனக்கு இரண்டு நாளாகப் பல் கூசுகிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. உன் கால் கொப்புளம் ஆறிவிட்டதா? அவ்வளவு தூரம் தனியாக நடந்திருக்க வேண்டாம்.

எஜமானர் திருநாளுக்குப் பெரிய விருந்து ஏற்பாடு செய்கிறார். பாடகர்களுக்குச் சொல்லியாகிவிட்டது.

வீட்டைப் பார்த்துக்கொள்.

ஓபெட்


டிம்ஸ்பரி
ஏப்ரல் 30

ஓபெட்,

நாம் கல்யாணம் செய்து பதினெட்டு வருடம் ஆகிறது. இந்தப் பதினெட்டு வருடத்தில் சட்டைப்பையில் கல் இல்லாமல் நீங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. கேலி செய்துகொண்டே கொண்டுவந்து கொடுப்பீர்கள். நூற்றுப் பத்து அடியில் ஒரு கல்கூடக் கிடைக்கவில்லையா? கிடைத்தது. பித்தளைப் பொத்தான் மாதிரி கிடைத்தது. அதனால்தான் அனுப்பவில்லை.

உங்களுக்குப் பல் கூசியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எலும்பைக் கடித்துத் தூளாக்குகிற வாய் அது. களியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்திருக்கிறீர்கள், ஒரு தடவையாவது நறநறக்காமல் இருக்காதா என்று பார்க்க. நறநறக்கிறது. அதுதானே?

உங்களைத் திட்ட உட்கார்ந்தேன், முடியவில்லை. தனியாக அந்தக் குழிக்குள் நின்று மண்ணைத் தின்றுகொண்டிருந்தீர்களே என்று நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் இரக்கப்பட்டு நான் சும்மா இருக்கப் போவதில்லை.

இத்துடன் எஜமானர் ஹாலமுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. ஒட்டவில்லை, படித்துப் பாருங்கள். கரி இல்லை, தண்ணீர் இருக்கிறது, வேலையை நிறுத்துங்கள் என்று எழுதி, கீழே "தங்கள் குழி மேஸ்திரியின் மனைவி டாமரிஸ் போப்ஜாய்" என்று முழுப்பெயரும் போட்டிருக்கிறேன். இதை நீங்களே கொடுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் இதேபோல இன்னொன்றை எழுதி நேரே அவருக்கு அனுப்புவேன். மானம் போகும் என்பீர்கள். போகட்டும். மானம் போனால் பக்கத்து ஊரில் குடியிருக்கலாம். நீங்கள் போனால் நான் எங்கே போவது?

டாமரிஸ்


ஃபெர்னிகோம்ப்
மே 9

டாமரிஸ்,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். எட்டுப் பேரும், நானும்.

இனி உண்மையை எழுதுகிறேன். ஏப்ரல் பதினெட்டாம் தேதி அகல நகம் நின்றுபோனது. இருபதாம் தேதி பித்தளைப் பாம்புக்கல் வந்தது. நானே அதைப் பொறுக்கி, யாரும் பார்க்கும் முன்பு பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டேன். நாள் முழுக்க அது குதிகாலைக் குத்திக்கொண்டிருந்தது. இருபத்திரண்டாம் தேதி மணல். நீ எழுதியது சரி, வாயில் போட்டு மென்றேன், ஒரு நாளைக்கு இருபது தடவை. எனக்கு வெறி பிடித்திருந்தது. செம்மண் வந்துவிடும், வந்துவிடும் என்று ஒவ்வொரு வாளிக்கும் பார்த்தேன்.

உன் இரண்டாவது கடிதத்தையும் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன் என்பதை உன்னிடம் சொல்லவில்லை. சிரிக்கத்தான் படித்தேன். அந்த வரிசையை ஆட்கள் பாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள், "அகல நகம் குறையும், பித்தளைப் பொத்தான் மின்னும்" என்று. அதனால் நான் எதை மறைத்தும் பயனில்லாமல் போனது.

மே மூன்றாம் தேதி, நூற்று இருபத்தாறாவது அடியில், கடப்பாரை கல்லில் பட்டு மணி மாதிரி ஒலித்தது. உன் கடிதம் அன்று காலைதான் வந்தது. அப்போதும் என் பையில் மடித்தபடி இருந்தது. சைலஸ் கையால் களியைத் துடைத்தான். கல்லின் முதுகு முழுக்கச் சின்னக் குண்டு நகங்கள், நடுவில் பள்ளத்தோடு. அவன் ஒன்றைப் பெயர்த்து என் கையில் வைத்தான். "அத்தான், சிரிக்கறதுக்குத்தானே படிச்சுக் காட்டுனீங்க. இப்ப பாருங்க, ஒருத்தனும் சிரிக்கல" என்றான்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. "மேல ஏறுங்கடா, எல்லாரும். சாமானை விட்டுட்டு ஏறுங்க" என்றேன். கடைசியாக நான் மட்டும் நின்று, விரல் தடிமன் துளைக்கம்பியை அந்தக் கல்லில் ஒன்றரை அடி இறக்கினேன். கம்பியைப் பிடுங்கியதும் தண்ணீர் என் நெஞ்சு உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. விரல் தடிமன் ஓட்டைதான், டாமரிஸ். மர ஆப்பை அடித்து, அதன்மேல் களியை மிதித்து, மேலே வந்து சேர்வதற்குள் இடுப்பு வரை நனைந்துவிட்டேன். அந்தக் கல்லை வெடிமருந்து வைத்து உடைப்பதாக இருந்தோம்.

உன் கடிதத்தை எஜமானரிடம் கொடுக்கவில்லை. நீ எழுதி நான் கொடுத்தால் நீ சொன்னதாகத்தான் ஆகும். நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் தோட்டத்தில் விருந்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். நகத்தையும் பாம்புக்கல்லையும் அவர் முன் வைத்து, "ஐயா, இங்க கரி இல்ல. நான் சொன்னது தப்பு. என் மனைவி மார்ச் மாசமே எழுதினா, நான் கேக்கல" என்றேன். பந்தல்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி வராத குழி உண்டா போப்ஜாய்? வந்தா இறைக்க எந்திரம் வெச்சுக்கலாம். நீ பயந்துட்டே. பொம்பள பேச்சைக் கேட்டுப் பயந்துட்டே" என்றார். "ஆமாங்கய்யா, பயந்துட்டேன்" என்றேன். அந்த இடத்திலேயே என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார். சொல்லிவிட்டேனே என்று ஒரு நிம்மதி வந்தது, அது எனக்கே ஆச்சரியம்.

ஆனால் விஷயம் முடியவில்லை. எஜமானர் புது மேஸ்திரிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். யாருக்குத் தெரியுமா? ரூபன் சிவர்ஸுக்கு. நம் ஆட்களில் நான்கு பேர் அவன் வந்தால் இறங்குவதாகச் சொல்கிறார்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். அவன் வரும்வரை யாரும் இறங்காதபடி நானும் சைலஸும் குழி வாயிலேயே படுத்திருக்கிறோம்.

நான் எழுதினால் அவன் பிரிக்கக்கூட மாட்டான். பொறாமையில் எழுதுகிறான் என்பான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். நீ அவனிடம் போ. உன் படியைக் காட்டு. இந்தக் கடிதத்தை வேண்டுமானாலும் காட்டு. எது காட்டினால் அவன் கேட்பானோ அதைக் காட்டு. உன்னைப் பார்த்துச் சிரித்தவன் உன்னிடமே கேட்கிறேன்.

என்னை மன்னித்துவிடு.

ஓபெட்


டிம்ஸ்பரி
மே 14

என் ஓபெட்,

உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. அடுப்பில் இருந்த உருளைக்கிழங்கை இறக்கி வைத்துவிட்டு, நேரே ரூபன் சிவர்ஸ் வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டி நின்றது. கயிறும் கடப்பாரையும் ஏற்றிக்கொண்டிருந்தார். உங்கள் எஜமானரின் கடிதம் அவருக்கு எனக்கு முன்பே வந்திருக்கிறது.

"என்னம்மா, வீட்டுக்காரர் அனுப்பினாரா? போகாதேன்னு சொல்லச் சொன்னாரா?" என்றார். "ஆமாண்ணே. வந்து பத்து நிமிஷம் என் மாடிப்படியைப் பாருங்க, அப்புறம் போங்க" என்றேன். ஊரே பார்க்க என் பின்னால் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தார். மூன்றாம் படி நகத்தையும் பத்தாம் படி நகத்தையும் இரண்டு கையிலும் வைத்துக்கொடுத்தேன். கால்வாய், சாய்வு, மணல்கல், தண்ணீர், சத்திரத்து அம்மாளின் மாமனார், எல்லாம் சொன்னேன். வாய் வறண்டுவிட்டது. அவர் இரண்டு நகத்தையும் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. அவ்வளவுதானேம்மா?" என்றார்.

எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை. உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினேன். சன்னலோரம் போய் நின்று, உதட்டை அசைத்து அசைத்து முழுவதும் படித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

"இது ஓபெட் கையெழுத்தா?"

"அவர் கையெழுத்துதான்."

"'நான் சொன்னது தப்பு'ன்னு எழுதியிருக்கானே."

"ஆமா."

"எல்லார் முன்னாலயும் சொன்னானாமே."

"ஆமாண்ணே."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார், ஐந்தாம் படிக் கற்களின் மேலேயே. "பதினோரு வருஷம் அவனோட ஒரே கயித்துல இறங்கினேன். கயிறு அறுந்து விழுந்தாக்கூட, 'நான்தான் குதிச்சேன்'னு சொல்ற ஆளு அவன். உன் கல்லு எனக்குப் புரியலம்மா. ஆனா ஓபெட் போப்ஜாய் தான் தப்புப் பண்ணிட்டேன்னு கைப்பட எழுதினான்னா, அந்தக் குழியில சாவு உக்காந்திருக்கு" என்றார்.

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? ஒன்பது வருடம் சேர்த்த கல், பதினொரு மைல் நடை, காலில் கொப்புளம், இதெல்லாம் கேட்காத மனிதர், நீங்கள் தப்பு என்று எழுதிய ஒரு வரியைக் கேட்டுக்கொண்டார். சொல்லிவிட்டேன், முகத்துக்கு நேரே. "சரிம்மா, கோபப்படு. நான் போகல, அது போதுமா?" என்றார். போதும் என்றேன். அவர் போன பிறகு படியில் உட்கார்ந்து ஆசை தீர அழுதேன்.

என் கடிதத்தைச் சிரிக்கப் படித்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவ்வளவு சுலபமாக மறக்க மாட்டேன். வயதான காலத்திலும் சொல்லிக் காட்டுவேன், இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் சிரிக்கப் படித்ததால்தான் எட்டுப் பேருக்கும் அது மனப்பாடமானது. மன்னிப்பு என்று கேட்டீர்களே, பந்தல்காரர்கள் முன் நீங்கள் சொன்ன அன்றைக்கே அது தீர்ந்துவிட்டது. உங்களைக் கட்டிக்கொண்டதற்கு நான் ஒருநாளும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆனால் சிவர்ஸ் வராவிட்டால் உங்கள் எஜமானர் வேறொருவரைத் தேடுவார். வடக்கிலிருந்து, வேல்ஸிலிருந்து, எங்கிருந்தாவது. அவர்களுக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. விருந்துக்குப் பந்தல் போட்டவர், கரியைத் தொடாமல் அதைப் பிரிக்க மாட்டார். அவரைப் பயமுறுத்திப் பயனில்லை. தன் தோட்டத்தில் வைத்து உங்களை அவமானப்படுத்தியவர் முன்னால் கல்லை வரிசையாக வைத்து, ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்ல வேண்டும். அதை உங்களால் செய்ய முடியாது, உங்களுக்குப் பொறுமை போதாது.

அதனால் நீங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். குழி வாயை விட்டு நகராதீர்கள். இன்று காலையிலிருந்து பத்துப் படிக் கற்களையும் வரிசை மாறாமல் கூடையில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். வண்டி சிவர்ஸுடையது, ஓட்டுவதும் அவர்தான். "அவன் தப்புன்னு சொல்றதை என் காதால ஒரு தடவை கேக்கணும்" என்கிறார், கேட்டுவிட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்துவிடுவோம்.

எஜமானரிடம் சொல்லி வையுங்கள், பயமுறுத்துகிற பொம்பளை நேரிலேயே வருகிறாள் என்று.

உங்கள்
டாமரிஸ்